அழகர் வருமுன் கல்யாணம் முடிந்துவிட்டால்: டெண்டர் தகவலைத் துறைகள் பகிர்ந்துகொள்ள நான்கு வழிகள்

சென்ற மாதம் மேலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஊராட்சி ஒன்றிய அலுவலகம் ஒன்றில் டெண்டர் பிரிவுக்கு மாற்றலாகி வந்து ஆறு மாதம் ஆகிறதாம். "எங்களிடம் வேலை எடுப்பவர்களே நெடுஞ்சாலையிலும் பொதுப்பணியிலும் மாநகராட்சியிலும் எடுக்கிறார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்பது எங்களுக்குத் தெரிவதில்லை. தகவலைப் பகிர வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறார்கள். மாதாமாதம் பட்டியல் அனுப்பிக்கொள்ளலாம் என்கிறார் ஒருவர். எல்லாவற்றையும் ஒரே சர்வரில் சேர்க்கலாம் என்கிறார் இன்னொருவர். நான் எதற்குத் தலையாட்டுவது, ஐயா?"

நான் பல கூட்டங்களில் தலையாட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். அதனால் ஒரு கதையிலிருந்து தொடங்குகிறேன். ஒரு மழைநீர் வாய்க்கால் பணிக்கு வந்த ஒப்பந்தப்புள்ளியில் பணி முடிப்புச் சான்று ஒன்று இணைத்திருந்தார்கள். முத்திரை, கையெழுத்து, கோப்பு எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஆனால் சான்றில் இருந்த தேதியில் அந்த உட்கோட்டம் வேறொரு கோட்டத்தின் கீழ் இருந்தது. சந்தேகம் வந்து, உண்மைத்தன்மை அறியக் கோரிக் கடிதம் அனுப்பினோம். இரண்டு அலுவலகங்களுக்கும் நடுவே நான்கு பஸ் நிறுத்தங்கள்தான். பதில் வர 41 நாட்கள் ஆயின. "பார்வையில் காணும் சான்று இவ்வலுவலகத்தால் வழங்கப்படவில்லை" என்ற ஒற்றை வரி வந்து சேர்ந்தபோது பணி ஆணை போய், வாய்க்காலின் அடித்தளக் கான்கிரீட்டும் கொட்டி முடித்திருந்தார்கள்.

தங்கை கல்யாணத்துக்கு அழகர் மலையிலிருந்து புறப்பட்டு வந்து வைகையை அடையும்போது தாலி கட்டி முடிந்திருக்கும் என்பது மதுரைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அழகராவது வண்டியூருக்குப் போய்விடுவார். தாமதமாக வந்த தகவலுக்குப் போக்கிடம் தணிக்கைத் தடை, அதாவது பின்னால் கணக்குத் தணிக்கையாளர் எழுதும் ஆட்சேபம், ஒன்றுதான்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் கேள்வி நேரம். தகுதிச் சான்றுகள் இருக்கும் தொழில்நுட்ப உறையைத் திறப்பதற்கும் விலை உறையைத் திறப்பதற்கும் இடைப்பட்ட நாட்களுக்குள் பதில் வருமா? விலை தெரிந்தபின் வரும் எந்தத் தகவலும் வழக்குக்கு வழி வைக்கும். குறைந்த விலை கொடுத்தவரை அப்போது நிராகரித்தால், நிராகரிப்பு நியாயமாகவே இருந்தாலும் பார்ப்பவர்கள் வேறு காரணம் சொல்வார்கள்.

இரண்டாவது, ஆள் ஒருவர்தானா என்று தெரியுமா? மதுரைக் கடைத்தெருவில் கல்லெறிந்தால் மீனாட்சி என்ற பெயர்ப்பலகையில்தான் படும். அந்தப் பெயரை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஒருவர் 'டி' ஒன்று போடுவார், ஒருவர் இரண்டு போடுவார், 'சி'க்குப் பதில் 'க்ஷி' எழுத்தைப் போடுகிறவரும் உண்டு. பெயரை வைத்துத் தேடினால் கணினிக்கு இவர்கள் எல்லோரும் வெவ்வேறு ஆட்கள்.

மூன்றாவது, கொடுப்பதற்குச் சட்டம் இடம் தருகிறதா, தவறான தகவலைக் கொடுத்தால் பதில் சொல்லப்போவது யார்? நான்காவதைக் கூட்டங்களில் யாரும் கேட்பதில்லை: தட்டச்சு செய்யப்போவது யார், அவர் மாற்றலாகிப் போனபின் என்ன ஆகும்?

## வழி ஒன்று: மாதாமாதம் பட்டியல்

செலவில்லாத வழி என்று எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். கருப்புப் பட்டியலில் உள்ளவர்கள், பணியைப் பாதியில் விட்டவர்கள், நடப்புப் பணிகள் என்று மூன்று எக்செல் தாள்கள். மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் முடிந்தது.

முடிவதில்லை. 16 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எக்செலில் எண்ணாக உள்ளிட்டால் கடைசி இலக்கம் பூச்சியமாகிவிடும், ஏனென்றால் அந்த மென்பொருள் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். முன்னால் பூச்சியம் உள்ள எண்ணாக இருந்தால் அந்தப் பூச்சியம் காணாமல் போகும். இரண்டு நிறுவனங்கள் ஒரே கணக்கிலிருந்து முன்வைப்புத் தொகை (டெண்டரில் கலந்துகொள்ளக் கட்டும் பிணைத் தொகை) கட்டியிருக்கின்றன என்று கண்டுபிடிக்க வேண்டிய இடத்தில் இந்தக் கோளாறு கூடவே கூடாது. பழைய பட்டியல்கள் வானவில் எழுத்துருவில் இருக்கும். ஒருங்குறியில் (யூனிகோடில்) தேடினால் ஒரு பெயரும் அகப்படாது. 2010-லேயே அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டது, பீரோவில் இருக்கும் குறுந்தகடுகள் ஏற்றுக்கொள்ளவில்லை.

இதைவிடப் பெரிய மறைமுகச் செலவு கருப்புப் பட்டியலில் இருக்கிறது. ஒரு நிறுவனத்தை விளக்கம் கேட்காமல் ஒதுக்கிவைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1974-இல் எருசியன் எக்யுப்மென்ட் வழக்கில் சொன்னது. கருப்புப் பட்டியலில் சேர்க்கப்போகிறோம் என்பது அந்த நோட்டீசிலேயே விளங்கும்படி இருக்க வேண்டும் என்று 2014-இல் கூர்க்கா செக்யூரிட்டி வழக்கில் சொன்னது. நமக்கு வரும் பட்டியலில் பெயர் மட்டும் இருக்கும். ஆணை எண், தேதி, எத்தனை காலத்துக்கு, தடையாணை வாங்கியிருக்கிறார்களா என்று ஒன்றும் இருக்காது. மத்திய அரசின் பொது நிதி விதிகளில் 151-ஆம் விதிப்படி கொள்முதல் செய்யும் அமைப்பு ஒரு நிறுவனத்தை 2 ஆண்டுக்கு மேல் விலக்கி வைக்க முடியாது. எக்செல் தாளுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதில் ஏறியவர் ஆயுளுக்கும் அதிலேயே இருப்பார். அந்தப் பெயரை நம்பி நீங்கள் நிராகரித்தால் மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்துக்குப் பதில் மனு எழுதப்போவது நீங்கள்தான், பட்டியல் அனுப்பியவர் அல்ல.

ஆனாலும் இதற்கு ஓர் இடம் உண்டு. இரண்டு அல்லது மூன்று அலுவலகங்கள், ஆண்டுக்குச் சில பத்து டெண்டர்கள், ஒருவரையொருவர் அறிந்த கண்காணிப்பாளர்கள் என்ற அளவில் பட்டியலே போதும். ஒவ்வொரு வரியிலும் ஆணை எண்ணும் முடியும் தேதியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை.

## வழி இரண்டு: எல்லாம் ஒரே களஞ்சியத்தில்

மாநகராட்சி, 13 ஊராட்சி ஒன்றியங்கள், பொதுப்பணி, நெடுஞ்சாலை, குடிநீர் வடிகால் வாரியம், கருவூலம் எல்லாம் தங்கள் தகவலை ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்ப்பது. கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்ட இதைவிட அழகான திட்டம் கிடையாது.

இதன் பலம் உண்மையான பலம்தான். கூடிப் பேசி விலை போடுபவர்களை ஓர் அலுவலகத்தின் கோப்பை மட்டும் பார்த்துப் பிடிக்க முடியாது. ஓரிடத்தில் ஒருவர் ஜெயிப்பார், மற்ற இருவர் தோற்பார்கள். அடுத்த அலுவலகத்தில் தோற்றவர் ஜெயிப்பார். தனித்தனியே பார்த்தால் எல்லாம் நேர்மையான போட்டி. எல்லாக் கோப்பையும் வரிசையாக அடுக்கும்போதுதான் முறைவைத்துப் பிரித்துக்கொண்டது தெரியும். தென் கொரியாவின் போட்டி ஆணையம் 2006 முதல் இதைத்தான் செய்கிறது. பொது அமைப்புகளின் டெண்டர் விவரங்கள் தானாக வந்து சேரும். எத்தனை பேர் போட்டியிட்டார்கள், வென்ற விலை மதிப்பீட்டுக்கு எவ்வளவு நெருக்கம் என்பன போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு, கூடினவற்றை மட்டும் ஆள் வைத்து விசாரிக்கிறார்கள்.

நம் மாநிலத்திலேயே உதாரணம் உண்டு. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மாநிலம் முழுமைக்கும் ஒரே விலையில் முடித்துவிடுகிறது. மாவட்டக் கிடங்கில் எவ்வளவு இருப்பு, எந்த மருத்துவமனை பாஸ்புக்கில் எவ்வளவு எடுத்தது என்ற கணக்கு மேலே போவதால்தான் அடுத்த கொள்முதல் கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதில்லை. ஆனால் அங்கே மருந்துக்குப் பெயரும் அளவும் திட்டமாக இருக்கின்றன. 500 மில்லிகிராம் மாத்திரை எங்கே போனாலும் 500 மில்லிகிராம்தான்.

நம் அலுவலகங்களில் பிளீச்சிங் பவுடரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவிழா வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் எல்லா உள்ளாட்சியும் வாங்குகிற பொருள். ஓர் அலுவலகம் மூட்டைக் கணக்கில் வாங்கும், ஒன்று கிலோக் கணக்கில். ஒருவர் விலையில் வண்டி வாடகையும் வரியும் அடக்கம், மற்றவர் விலையில் இல்லை. எத்தனை சத குளோரின் இருக்க வேண்டும் என்று ஒரு கோப்பில் எழுதியிருக்கும், இன்னொன்றில் "முதல் தரம்" என்று மட்டும் இருக்கும். இவற்றை ஒரே சர்வரில் கொட்டினால், "மேலூரைவிடத் திருமங்கலத்தில் விலை அதிகம்" என்று கணினி சிவப்பு விளக்கைப் போடும். திருமங்கலத்துக்காரர் அநியாயமாக விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை உண்மையான சிவப்பு விளக்கையும் யாரும் பார்க்கமாட்டார்கள்.

களஞ்சியத்தின் செலவு சர்வரில் இல்லை. பழைய கோப்புகளைச் சுத்தம் செய்யும் ஆட்களிலும், தவறாக ஏறிய வரியைத் திருத்த யாருக்கு அதிகாரம் என்ற சண்டையிலும் இருக்கிறது. தகவலைத் தந்த துறை "நாங்கள் தந்துவிட்டோம்" என்று கைகழுவும். களஞ்சியத்தை நடத்தும் துறை "எங்களுக்கு வந்தது இதுதான்" என்று சொல்லும். மாவட்ட அளவில் இதைத் தொடங்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். இது சென்னையில் நடக்க வேண்டிய வேலை, அதுவும் பொருள்களுக்கு ஒரே குறியீடும் ஒரே அளவும் வந்தபின்.

## வழி மூன்று: கேட்டால் மட்டும் பதில்

தகவல் அந்தந்தத் துறையிலேயே இருக்கும். டெண்டர் ஆய்வு செய்பவர் ஒரு கேள்வி அனுப்புவார். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் வரும். "இந்தச் சான்று எண் உங்களுடையதா?" "ஆம்." எஸ்தோனியா 2001 முதல் தன் அரசு அமைப்புகளை இப்படித்தான் இணைத்திருக்கிறது. யார் எப்போது எதைக் கேட்டார் என்பதும் பதிவாகிவிடும். தென் கொரியாவின் மின் கொள்முதல் தளத்திலும் வரி, பதிவு போன்ற சான்றுகளை விண்ணப்பதாரர் தூக்கிக்கொண்டு அலையாமல் தளமே மற்றத் துறைகளிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறது. நம் ஊரில் மத்திய அரசின் மின் கொள்முதல் தளமான ஜெம்மில் விற்பனையாளர் பதிவு செய்யும்போது பான், ஜி.எஸ்.டி. விவரங்கள் அந்தந்த அமைப்போடு ஒத்துப்பார்க்கப்படுவதும் இதே வகை.

இந்த வழி எங்கே கைகொடுக்கும் என்பதற்கு ஒரு கணக்கு. பல பணி டெண்டர்களில் ஒப்பந்ததாரரின் தாங்கும் திறனைப் பார்ப்பார்கள். கடந்த ஆண்டுகளில் ஒரே ஆண்டில் அவர் முடித்த அதிகபட்சப் பணி மதிப்பை, புதிய பணிக்கான ஆண்டுகளாலும் 2 என்பது போன்ற ஒரு பெருக்கு எண்ணாலும் பெருக்கி, கையிலிருக்கும் பணிகளின் மதிப்பைக் கழிப்பார்கள். மிச்சம் புதிய பணியின் மதிப்புக்குக் குறையாமல் இருந்தால்தான் தேர்ச்சி. ஒருவர் ஓராண்டில் 2 கோடிக்கு வேலை முடித்தவர், புதிய பணி ஓராண்டுக்கானது என்று வையுங்கள்: 4 கோடி. கையில் 1 கோடிக்கு வேலை இருப்பதாக எழுதிக் கொடுத்தால் மிச்சம் 3 கோடி, தேர்ச்சி. உண்மையில் நெடுஞ்சாலையிலும் இன்னொரு ஒன்றியத்திலும் சேர்த்து 3.5 கோடிக்கு வேலை வைத்திருந்தால் மிச்சம் 50 லட்சம், அவர் அந்த டெண்டருக்கே வந்திருக்கக் கூடாது. அந்தக் கழித்தல் எண்ணை இன்று யார் தருகிறார்? ஒப்பந்ததாரரே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறார். பாதியில் நிற்கும் சாலைகளில் சிலவற்றின் கதை அந்தத் தாளில்தான் தொடங்குகிறது. ஒரே ஒரு கேள்வியை எல்லாத் துறைக்கும் அனுப்பிப் பதிலைக் கூட்டினால் போதும். யாருடைய முழுக் கோப்பும் யாருக்கும் தேவையில்லை.

சட்டமும் இந்த வழியோடுதான் ஒத்துப்போகிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 158-ஆம் பிரிவு வரி விவரங்களை வெளியிடுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. 2023-இல் சேர்த்த 158ஏ பிரிவு, வரி செலுத்துபவரின் ஒப்புதலோடு, அறிவிக்கப்பட்ட தளங்களுக்கு அவற்றில் சில விவரங்களைப் பகிர வழி வைத்திருக்கிறது. ஒப்புதல் வாங்குவது டெண்டரில் கடினமே இல்லை. நிபந்தனையில் ஒரு பத்தி சேர்த்தால் போதும்.

குறை இல்லாமல் இல்லை. எதிர்முனையில் தகவல் தாளில் இருந்தால் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஒருவர் பீரோவைத் திறக்க வேண்டும், மறுபடி 41 நாட்கள்தான். அடுத்தது கசிவு. தொழில்நுட்ப உறையைத் திறப்பதற்கு முன் "இவரைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்டாலே, யார் போட்டியில் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். உறை திறந்த மறுநிமிடம்தான் கேள்வி புறப்பட வேண்டும். மூன்றாவது, கேள்வி கேட்கத் தெரிந்தவருக்குத்தான் பதில் கிடைக்கும். முறைவைத்து ஜெயிக்கும் கூட்டத்தை இந்த வழி கண்டுபிடிக்காது, ஏனென்றால் யார் மீது சந்தேகப்பட வேண்டும் என்பதே நமக்குத் தெரியாது.

## வழி நான்கு: ஊரறியப் போட்டுவிடுவது

துறைகள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்வதற்குப் பதில், முடிந்த ஒப்பந்தங்களைப் பொதுவில் வைத்துவிட்டால் என்ன? தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் மாநில, மாவட்ட அளவில் அறிவிப்பிதழே வெளியிடச் சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு கேட்காமலே வெளியிடச் சொல்கிறது. ஸ்லோவாக்கியாவில் 2011 முதல் அரசு ஒப்பந்தத்தை இணையத்தில் வெளியிட்டால்தான் அது செல்லுபடியாகும். உக்ரைனின் அரசுக் கொள்முதல் தளமான புரோசோரோவில் போட்டியிட்டவர்களின் விலையும் ஆவணங்களும் ஏலம் முடிந்ததும் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

யாரிடமும் ஒப்பந்தம் போட வேண்டாம், கடிதம் வேண்டாம். பக்கத்து ஒன்றியத்தின் எழுத்தர் பார்க்கலாம், தோற்றுப்போன போட்டியாளரும் பார்க்கலாம். தோற்றவரைப்போல ஊன்றிப் படிப்பவர் அரசில் ஒருவரும் இல்லை. போலிச் சான்றை நான் கண்டுபிடித்ததைவிட எதிர்த்தரப்பு மனுவில் வந்து தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

ஆனால் ஒன்று. கூடி விலை போடுபவர்களுக்கும் வெளிப்படைத்தன்மை பிடிக்கும். தங்களுக்குள் பேசியபடி எல்லோரும் விலை போட்டார்களா, எவராவது காலை வாரினாரா என்று அவர்கள் பார்த்துக்கொள்ள அதுவே வசதி. பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓ.இ.சி.டி.யே இதை எச்சரித்திருக்கிறது. அதற்காக மூடி வைக்கச் சொல்லவில்லை. வெளியிடுவதோடு நிறுத்தாமல் உள்ளேயும் ஒருவர் அடுக்கிப் பார்க்க வேண்டும் என்கிறேன். தனி ஆட்களின் கைபேசி எண், வங்கிக் கணக்கு, ஆதார் நகல் ஆகியவை ஒப்பந்த ஆவணத்தோடு ஸ்கேன் ஆகி ஏறிவிடாமல் பார்க்கவும் வேண்டும்.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பட்டியல் | களஞ்சியம் | கேட்டால் பதில் | பொதுவில் வைப்பது |
|---|---|---|---|---|
| விலை உறைக்கு முன் பதில் | தற்செயலாக | தகவல் புதிதாக இருந்தால் | வரும், எதிர்முனை கணினியில் இருந்தால் | பழைய ஒப்பந்தங்களுக்கு மட்டும் |
| தவறுக்குப் பொறுப்பு | யாரும் இல்லை | இரு தரப்பும் தள்ளிவிடும் | பதில் சொன்ன துறை | வெளியிட்ட துறை |
| மறைமுகச் செலவு | வழக்கு | சுத்தம் செய்யும் ஆட்கள் | இணைப்பும் ஒப்புதலும் | கூட்டாளிகளுக்கும் உதவும் |
| மாற்றலுக்குப் பின் நிற்குமா | நிற்காது | நிற்கும், பழசாகிக்கொண்டே | நிற்கும் | நிற்கும், நிரப்புபவர் இருந்தால் |
| பொருத்தமான இடம் | இரண்டு மூன்று அலுவலகங்கள் | மாநில அளவு, கூட்டுச்சதி ஆய்வு | சான்று, தாங்கும் திறன் | முடிந்த பணிகளின் விலை |

## மேலூர் வாசகருக்கு

எந்த வழிக்கும் முன்னால் சாவி ஒன்றைச் சரிசெய்யுங்கள். பெயரை விட்டுவிட்டு ஜி.எஸ்.டி. எண்ணைப் பிடியுங்கள். 15 எழுத்தில் முதல் இரண்டு மாநிலம், நமக்கு 33. அடுத்த பத்து அவருடைய பான். இரண்டு ஒப்பந்தப்புள்ளிகளில் வெவ்வேறு நிறுவனப் பெயரும் நடுவில் ஒரே பத்து எழுத்தும் இருந்தால் அது ஒரே ஆள். பானின் நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. இதிலும் தப்ப வழி உண்டு: கணவர் கருப்புப் பட்டியலில் இருந்தால் டெண்டரில் மனைவி பெயரில் புதிய பானோடு வருவார். அதற்கு முகவரியும் முன்வைப்புத் தொகை வந்த வங்கிக் கணக்கும்தான் துணை.

அடுத்து, எந்தத் துறையின் அனுமதியும் இல்லாமல் இன்றே பார்க்கக்கூடியவற்றைப் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் நடப்பில் இருக்கிறதா, எப்போது பதிவானது என்பதை யாரும் பார்க்கலாம். "பத்தாண்டு அனுபவம்" என்று எழுதியவரின் பதிவுக்கு ஒன்றரை வயதாக இருந்தால் ஒரு கேள்வி கேட்கலாம். கணக்காயர் தந்த விற்றுமுதல் சான்றில் 18 இலக்க அடையாள எண் இருக்கும். 2019 முதல் அது கட்டாயம், பட்டயக் கணக்காளர் கழகத்தின் தளத்தில் அதை உள்ளிட்டால் சான்று உண்மையா என்று தெரிந்துவிடும். நான் பணியில் இருந்த காலத்தில் இது இருந்திருந்தால் பாதிக் கடிதங்கள் மிச்சமாகியிருக்கும்.

கூட்டத்தில் உங்களைக் கேட்டால், மூன்றாவது வழியையும் நான்காவதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாத் தகவலுக்கும் ஆசைப்படாமல் இரண்டே கேள்விகளுக்கு மட்டும்: "இந்தச் சான்று உங்களுடையதா", "இவர் கையில் உங்கள் பணி எவ்வளவு மதிப்புக்கு இருக்கிறது". இணைப்பு வரும்வரை ஒவ்வொரு துறையிலும் பதில் சொல்ல ஒரு பதவியைக் குறிப்பிட்டு, மூன்று வேலை நாள் கெடு வைத்து ஆட்சியர் ஒரு சுற்றறிக்கை விட்டால் போதும். ஆளின் பெயரைப் போட வேண்டாம், அவர் மாற்றலாகிப் போய்விடுவார்.

அதற்கிடையில் உங்கள் மேசையில் ஒரு பதிவேடு திறந்துவிடுங்கள். முதல் பத்தியில் ஜி.எஸ்.டி. எண், இரண்டாவதில் பணி, மூன்றாவதில் பணி ஆணைத் தேதி, நான்காவதில் முடிக்க வேண்டிய தேதி, ஐந்தாவதில் உண்மையில் முடிந்த தேதி. ஐந்தாவது பத்தி நீண்ட நாள் காலியாகவே கிடக்கும் வரிகளை மட்டும் பென்சிலால் சுழித்து வையுங்கள். பக்கத்து ஒன்றியத்திலிருந்து முதல் கேள்வி வரும்போது பீரோவைத் திறக்க வேண்டியிருக்காது.